பார்க்க வந்தவன்

பிறருடைய தெய்வத்தின் முன்னால் எப்படி நிற்பது என்ற கேள்விக்கு இன்று எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மரியாதையோடு. செருப்பை வெளியே விடு, அனுமதி கேட்காமல் படம் எடுக்காதே, சிரிக்காதே, தீர்ப்புச் சொல்லாதே. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் வோடுன் வழிபாட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லப்படுவது இதுதான். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஏதோ ஒரு கிராமத்துச் சாமியாட்டத்தைப் பார்க்க வரும் ஆராய்ச்சி மாணவருக்குச் சொல்லப்படுவதும் இதுதான். நல்ல அறிவுரைகள். இவற்றை மீறுகிறவனை எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு குறையுமில்லாமல் கடைப்பிடித்துவிட்டு ஒருவன் வீடு திரும்பிவிட முடிகிறது. போனபோது இருந்தபடியே திரும்புகிறான். அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவனும் எதையும் இழக்கவில்லை. இப்படிச் செலவே இல்லாமல் கிடைத்துவிடும் மரியாதையின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

அந்தச் சொல்லையே முதலில் பார்க்கலாம். வடமொழியிலிருந்து வந்த 'மரியாதை'க்கு மூலப்பொருள் எல்லை, வரம்பு, கரை. நம் கோயில்களில் அது இன்றும் ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. பரிவட்டம், மாலை, முதல் திருநீறு - இவை மரியாதைகள். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து, யாருக்கு இல்லவே இல்லை என்ற வரிசைதான் மரியாதை. பட்டியலில் இல்லாதவனுக்கு மனத்துக்குள் எவ்வளவு பணிவு இருந்தாலும் மரியாதை கிடையாது. பட்டியலில் இருப்பவனுக்குப் பணிவே இல்லாவிட்டாலும் உண்டு. இதற்காகக் கோர்ட் வாசலில் ஆயுள் முழுவதையும் கழித்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, 'நான் மரியாதையோடு பார்க்க வந்திருக்கிறேன்' என்று வெளியூரான் சொல்லும்போது அவன் உத்தேசிப்பது ஒரு மனநிலையை. கேட்கிறவர்களின் காதில் விழுவது ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வேன் என்று அவன் உறுதி தருவதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் அது சௌகரியமாகவே இருந்துவிடுகிறது.

இந்தச் சௌகரியம் எல்லோருக்கும் வாய்த்ததல்ல. ஒரு சந்நிதியின் முன்னால் வந்து நிற்பதற்கே எங்கள் பக்கத்தில் ரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். மதுரை, சென்னை என்று நகர்ந்த வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899 ஜூன் 6 அன்று, சிவகாசி ஊரே தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. அங்கும் கோயில் நுழைவுதான் பகைக்குத் தீ வைத்தது. கமுதியில் நுழைந்தவர்கள் 'மரியாதையோடு பார்க்க வந்தோம்' என்று சொல்லவில்லை. உரிமை என்றார்கள். எதிர்த்தரப்போ, அவர்கள் அங்கே இருப்பதே கோயிலின் மரியாதைக்குப் பங்கம் என்றது. அதாவது, ஒரே சொல்லின் இரண்டு பொருள்களும் ஒரு வாசலில் நேருக்கு நேர் மோதின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றபோதுதான் அந்த வாசல் இந்தப் பக்கத்து மக்களுக்குத் திறந்தது. கமுதியிலிருந்து கணக்கிட்டால் 42 வருஷம்.

இந்தச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் 'பார்வையாளன்' என்பதே ஒரு ஸ்தானம் என்று தெரியும். என் தலித் நண்பர் ஒருவர் அடுத்த ஊர்க் கோயில் கொடையை வெறும் ஆர்வத்துக்காகப் போய்ப் பார்க்க முடியாது. என்னுடைய நிற்றல் அங்கே ஆர்வமாக வாசிக்கப்படுகிறது. அவருடைய நிற்றல் கோரிக்கையாக வாசிக்கப்படும்; சில ஊர்களில் சவாலாக. ஒரு நாள் மட்டும் வந்து, எதுவும் கோராமல், எல்லாவற்றையும் ரசித்துவிட்டுப் போக முடிவது எந்த ஆன்மீகப் பக்குவத்தின் விளைவும் அல்ல. பிறப்பாலும் பஸ் கட்டணத்தாலும் கிடைத்த சலுகை. ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பிறகு தாங்களே கோயில் கட்டும்போது அதற்கும் ஒரு வாசல் வைத்துவிடுகிறார்கள். இதில் எந்தச் சாதியும் விதிவிலக்கு என்று நான் நினைக்கவில்லை.

இனி ஆப்பிரிக்கக் கரைக்குப் போகலாம். நான் பெனினுக்குப் போனதில்லை, படித்ததுதான். 'வோடுன்' என்ற சொல்லுக்கு அங்குள்ள ஃபோன் மொழியில் தெய்வம், சக்தி என்று பொருள். ஹாலிவுட் படங்கள் நமக்குக் காட்டிய ஊசி குத்திய பொம்மைக்கும் அதற்கும் ஏகதூரம். கடலோரத்து வீடா நகரத்தில் மலைப்பாம்புக் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயமும் எதிரெதிரே நிற்கின்றன. செத்துப்போன முன்னோர்கள் துணிக் குவியலாக ஆடிவருவார்கள். அந்தத் துணி நம் மேல் படக்கூடாது. இரவுக் காவலர்கள் வைக்கோல் போராகச் சுழன்று வருவார்கள். ஜனவரி 10 அங்கே பல வருஷம் விடுமுறை நாளாக இருந்தது. 2024இலிருந்து அரசாங்கமே அதைப் பல நாள் திருவிழாவாக்கி வெளிநாட்டவரை அழைக்கிறது. அதே நகரத்தின் கடற்கரையில் 'திரும்ப முடியாத வாசல்' என்ற நினைவு வளைவும் நிற்கிறது. அந்தக் கரையிலிருந்துதான் லட்சக்கணக்கானவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களோடு சேர்ந்துதான் தெய்வங்களும் கடல் தாண்டி ஹெய்ட்டிக்குப் போயின. ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வளைவைப் பார்க்காதவன் எதைப் பார்த்தான்?

ஹெய்ட்டிக்குப் போன ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். பரிசோதனைத் திரைப்படங்கள் எடுத்த அமெரிக்கப் பெண் மாயா டெரன், 1947இல் நடனத்தைப் பற்றி ஒரு கலைப்படம் எடுக்கும் திட்டத்தோடு அங்கே போனார். போன இடத்தில், நடனத்தைச் சடங்கிலிருந்து தனியே வெட்டியெடுக்க முடியாது என்று கண்டார். அங்கே தெய்வம் ஏறியவரைக் குதிரை என்பார்கள். தெய்வம் சவாரி செய்கிறது. ஒரு கட்டத்தில் டெரன் மீதே அது ஏறியதாக அவர் 1953இல் வெளியிட்ட புத்தகத்தின் கடைசி அத்தியாயம் சொல்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் எடுத்துக் குவித்த படச்சுருள்கள் 1961இல் அவர் சாகும்வரை படமாகவில்லை. பின்னால்தான் மற்றவர்கள் தொகுத்தார்கள். ஒரு கலைஞர் தன் கலையையே கீழே வைக்க நேர்ந்தது. என் சந்தேகத்துக்கு இது ஒரு பாதிப் பதில்: இங்கே செலவு இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான் ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது.

மாசி மாதம் சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் எங்கிருந்தாலும் குலதெய்வத்தைத் தேடி வந்துவிடுவார்கள். சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் தன்னுடைய கருப்பசாமி கோயிலுக்கு என்னை அழைத்துப் போனார். கண்மாய்க் கரை, வேலிக்கருவை, நாலைந்து நடுகல், ஒரு தகரக் கொட்டகை. பங்காளிகள் எல்லாம் தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள். நான் ஒருவன்தான் கணக்கில் வராதவன். நண்பருக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர்தான் சாமியாடி. அவர் பட்டாசுத் தொழிற்சாலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பயராபீசில், மருந்து கலக்குகிறவர். பகலில் என்னோடு டீ குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சார்' போட்டுப் பேசினார். இரவில் உறுமி முழங்கி, குலவை ஏறி, அரிவாளோடு கூட்டத்தை வளைத்து வந்தவர் என் முன்னால் நின்றார்.

"வந்தது யாருடா?"

நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி அவரைப் பார்க்கவில்லை.

"கும்பிட வந்தியா, பாக்க வந்தியா?"

"பாக்க வந்தேன் சாமி" என்றேன்.

"பாத்துட்டுப் போ. பாத்ததை இல்லைன்னு சொல்லிராத."

நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. குறி சொல்லும் சாமிகள் புதிய முகத்தை விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் அறிவுரைப் பட்டியல் எதிலும் இல்லாத ஒன்று அங்கே நடந்தது: பார்க்கப் போனவன் பார்க்கப்பட்டான். 'சார்' என்ற மரியாதை, அதாவது அந்தக் கோடு, கலைக்கப்பட்டது. ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பொய் சொல்லவும் உண்மை சொல்லவும் வாய்ப்புத் தரப்பட்டது. கும்பிடத்தான் வரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. பார்க்க வந்தாலும் சரி. ஆனால் சும்மா போக முடியாது. கும்பிட்டவனுக்கு நேர்த்திக்கடன் என்றால் பார்த்தவனுக்குச் சாட்சிக் கடன்.

நம்பிக்கையில்லாத நான் அந்தத் திருநீற்றை வாங்கிக்கொண்டது நேர்மையா என்று ஒரு எழுத்தாள நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மறுத்திருந்தால் அவமதிப்பு, ஏற்றால் பாசாங்கு என்று அவர் இரண்டே வழி வைத்தார். நான் அப்படிப் பார்க்கவில்லை. நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் சாமியாட்டத்துக்கு இரண்டு விளக்கங்கள் கைவசம் இருக்கின்றன. ஒன்று, அமுக்கப்பட்ட மனத்தின் வெடிப்பு. இன்னொன்று, ஆதி மனத்தின் மகத்தான தரிசனம். முதலாவது சாமியாடியை நோயாளியாக்குகிறது, இரண்டாவது கலைப்பொருளாக்குகிறது. இரண்டிலும் அவர் நம்மிடம் பேசுவதில்லை. நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். பேசியது கருப்பசாமியா, சித்தப்பாவின் ஆழ்மனமா என்பதை நான் முடிவு செய்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, நான் பதில் சொன்னேன், ஒரு பொறுப்பு என்மேல் வந்தது. திருநீறு அந்தப் பேச்சுவார்த்தையின் ரசீது. நம்பிக்கையின் அடையாளமாக அதை அவர் கொடுக்கவும் இல்லை, நான் வாங்கவும் இல்லை. 'பாக்க வந்தேன்' என்ற பதிலைக் கேட்ட பிறகுதானே பூசினார்?

இதிலிருந்து இன்னொன்றும் தொடர்கிறது. பேச்சுவார்த்தை என்றால் மறுத்துப் பேசவும் இடம் வேண்டும். மறுக்கவே கூடாத மரியாதை குழந்தைகளுக்கும் பைத்தியங்களுக்கும் காட்டப்படுவது. 2003ஆம் வருஷம் இதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் தந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் ஹெய்ட்டி அரசு வோடுவை ஒரு மதமாக அங்கீகரித்து ஆணை வெளியிட்டது. 1940களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய 'மூடநம்பிக்கை ஒழிப்பு' இயக்கத்தில் கோயில்களும் முரசுகளும் அழிக்கப்பட்ட நாடு அது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 1950ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தூசி தட்டப்பட்டு, கோயில்களில் ஆடு கோழி வெட்டுவது தடுக்கப்பட்டது. 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. ஒரே வருஷத்தில் ஓர் அரசு கை தூக்கிவிட்டது, இன்னொன்று கை ஓங்கியது. இரண்டு கைகளும் மேலிருந்துதான் வந்தன. கருப்பசாமி கோயில் பங்காளிகளிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

அந்த மாதங்களில், கிராமத் தெய்வங்களைப் பற்றி உருக்கமாகப் பேசிய மரியாதைக்காரர்களில் பலர் வாயே திறக்கவில்லை. ஆட்டை வெட்டுவது சரி என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். தவறு என்று சொன்னால் மரியாதைக் குறைவு. மாறாக, 1953இல் பிள்ளையார் சிலையைத் தெருவில் உடைத்த பெரியாருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டவர்களுக்கும் நடுவில் ஓர் உறவு இருந்தது. சண்டை உறவுதான். ஆனால் இரண்டு பக்கமும் மற்றவர் சொல்வது உண்மையா பொய்யா என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. சிலையை உடைப்பது என் வழியல்ல. ஆனால் தெய்வத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவந்து பாராட்டுகிறவனைவிட, அதோடு வழக்காடுகிறவன் அதற்கு நெருக்கமானவன் என்று படுகிறது. கண்ணாடிப் பெட்டி வெறும் உவமையும் அல்ல. 1892இல் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையிலிருந்து கொள்ளையடித்த சிம்மாசனங்களும் சிலைகளும் பாரிஸ் மியூசியத்தில் மிகுந்த மரியாதையோடுதான் பாதுகாக்கப்பட்டன. அவற்றில் 26 மட்டும் பெனினுக்குத் திரும்ப 2021 நவம்பர் ஆயிற்று.

'பாத்ததை இல்லைன்னு சொல்லிராத' என்பதற்கு வருகிறேன். அன்றிரவு நான் என்ன பார்த்தேன்? ஆட்டம், அரிவாள், தீப்பந்தம். எழுத உட்கார்ந்தால் முதலில் வருபவை இவைதாம். ஆனால் திருநீறு பூசிய கையையும் பார்த்தேன். ரேகைகளில் அலுமினியப் பவுடர் ஏறி, கழுவினாலும் போகாத சாம்பல் வெள்ளி நிறத்தில் இருந்தது அந்தக் கை. முழங்கைக்கு மேல் தோல் சுருங்கிய பழைய தீக்காயம். ஆன்மீகத்தைப் பார்க்கப் போகிறவன் இதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்ள மாட்டான். இது 'சமூகப் பிரச்சினை', வேறு கட்டுரைக்கு உரியது என்று பிரித்துவிடுவான். சடங்கையும் கூலியையும் இப்படி வெட்டிப் பிரிக்கும் அந்தக் கத்திக்கும் மரியாதை என்றே பெயர் வைத்திருக்கிறோம். வீடாவில் ஆட்டத்தை மட்டும் பார்த்து வளைவைப் பார்க்காதவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இல்லை.

சிவகாசி பற்றி நாட்டுக்கே இந்தப் பார்வைதான். 1899இல் சூறையாடப்பட்ட ஊர், 1922இல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து எழுந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமி. காய்ந்த காற்று வெடிமருந்துக்கு உகந்தது. வயலில் வேலை இல்லாத கை வெடிமருந்துக்குள் போயிற்று. இன்று இந்தியாவின் பட்டாசில் மிகப்பெரும் பங்கு இங்கிருந்தே போகிறது. தீபாவளி ராத்திரியில் தேசம் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது. அது அழகான காட்சி, யாரும் அதை அவமதிப்பதில்லை. வெளிச்சத்துக்குக் கீழே கை இருப்பது மட்டும் பார்வையில் விழுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். அங்கே பார்க்க வந்தவனுக்கும் வேலை செய்தவனுக்கும் நடுவில் கோடு இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பல தெய்வங்கள் அகால மரணமடைந்த மனிதர்கள். அடித்துக் கொல்லப்பட்டவன், ஆற்றோடு போனவள், நெருப்பில் விழுந்தவள். ஊருக்கு அவர்கள் விஷயத்தில் ஒரு குற்றவுணர்வு இருந்திருக்கிறது. அதனால் கல் நட்டுப் பொங்கல் வைத்திருக்கிறது. நடந்ததை இல்லையென்று சொல்லிவிட முடியாதபடி அந்தக் கல் நிற்கிறது. சாமியாடி என்னிடம் கேட்டதும் அதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். வெடிவிபத்துகளில் இறந்தவர்களுக்கு நஷ்டஈட்டுத் தொகையும் பத்திரிகையில் மூன்று நாள் செய்தியும் கிடைக்கின்றன. விசாரணை வரும்போது பார்த்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அடுத்த வாரமும் அதே ஆபீசுக்கு வேலைக்குப் போக வேண்டியவன் எதைப் பார்த்தேன் என்பான்? அவனுடைய மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்கப் போனவனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அவனுடைய சலுகைக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது இங்கேதான் இருக்க முடியும்: உள்ளூர்க்காரன் சொல்ல முடியாததை அவன் சொல்லலாம். கோயில் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து. அதற்காக அடுத்த சிவராத்திரிக்கு அந்த ஊர் அவனை அழைக்காமல் போகலாம். அந்த இழப்புக்கு அவன் தயாராக இருக்க வேண்டும்.

பிறர் தெய்வத்தை மதிப்பது என்றால் அதன் முன்னால் அடக்கமாக நிற்பது என்று இனி எனக்குத் தோன்றவில்லை. அது கேட்கும் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வது, ஒப்பாததை ஒப்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது, பார்த்ததில் பாதியைச் சடங்கென்று எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடாமல் இருப்பது. செருப்பைக் கழற்றுவது இதற்கெல்லாம் முன்னால் வருகிறது. அதைக் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறவன் கோயிலுக்குப் போகவில்லை, பொருட்காட்சிக்குப் போயிருக்கிறான்.